நீராவி இயந்திரத்துக்கு அறிவியல் கொடுத்தது எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தொழிற்புரட்சியின் தோற்றம் பற்றி வெளிவந்த கட்டுரையையும், அதை மறுத்து வாசகர் ஒருவர் அடுத்த வாரம் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். நியூட்டன் காலத்து அறிவியல் இல்லையென்றால் இங்கிலாந்தில் ஆலைகளே எழுந்திருக்காது என்பது கட்டுரையின் வாதம். கொல்லரும் தச்சரும் முடிதிருத்துபவரும் கைப்பழக்கத்தால் செய்து முடித்த காரியத்துக்கு அறிவியலாளர்கள் பின்னாளில் உரிமை கொண்டாடிவிட்டார்கள் என்பது கடிதத்தின் வாதம். இரண்டு தரப்புக்கும் சான்று கிடைக்கும். ஆனால் எந்தத் தொழில், எந்தப் பத்தாண்டு, அறிவியலின் எந்தப் பகுதி என்று பிரித்துக் கேட்காமல் பொதுப்படப் பேசிக்கொண்டிருந்தால் இந்த வழக்கு தீராது. பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் வெப்பப் பொறியியல் நடத்தியவன் என்ற முறையில், பெரும்பாலும் நீராவி இயந்திரத்தையே எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

கொதிகலன், உருளை, பிஸ்டன், துருத்தி, வால்வு ஆகியவை ஐரோப்பாவில் மட்டுமல்லாமல் ஆசியாவிலும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தவை. இவற்றைச் சேர்த்து இயந்திரமாக்கத் தேவைப்பட்ட ஒரே ஒரு செய்தியை மட்டும் 1640களுக்கு முன்னால் யாரும் நிறுவிக் காட்டவில்லை. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கு எடை உண்டு, அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்பதே அந்தச் செய்தி. உறிஞ்சு பம்பு சுமார் பத்து மீட்டர் உயரத்துக்கு மேல் தண்ணீரைத் தூக்காது என்பதைக் கிணறு வெட்டியவர்கள் அறிந்திருந்தார்கள்; கலிலியோ 1638இல் அதை எழுதியும் வைத்தார், ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்லவில்லை. (எங்கள் கோவை வட்டாரத்து ஆழக் கிணறுகளில் மோட்டாரைக் கரையில் வைக்காமல் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கி வைத்த உழவர்களுக்கும் இதே வரம்புதான் குறுக்கே நின்றது.) கலிலியோவின் சீடர் டோரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்து, குழாய்க்குள் உள்ள திரவத்தைத் தாங்குவது வெளிக்காற்றின் எடைதான் என்று விளக்கினார். மாக்டபர்க் நகரின் மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக், பம்பு கொண்டு உருளையிலிருந்து காற்றை வெளியேற்றி, பல ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தும் பிஸ்டன் கீழே இறங்குவதைத் தடுக்க முடியாது என்று ஊரறியக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியலாளர்கள் பாயிலும் ஹூக்கும் 1659 வாக்கில் இன்னும் சிறந்த காற்றுப் பம்பைச் செய்து, வெற்றிடத்தைச் சோதனைக்கூடத்தில் வேண்டும்போது உண்டாக்கக்கூடிய பொருளாக்கினார்கள்.

கெரிக் காட்டிய சோதனையிலேயே இயந்திரத்தின் பாதி வந்துவிட்டது. உருளைக்குள் வெற்றிடம் உண்டானால் வெளிக்காற்று பிஸ்டனைத் தள்ளும், அந்தத் தள்ளலைக் கொண்டு சுமையைத் தூக்கலாம். அந்த வெற்றிடத்தை ஆட்கள் பம்படித்து உண்டாக்க வேண்டியிருந்தால் லாபம் ஒன்றுமில்லை. டச்சு அறிவியலாளர் ஹாய்கன்ஸ் அதற்கு வெடிமருந்தை எரித்துப் பார்த்தார். அவரிடமும் பின்னர் பாயிலிடமும் உதவியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் தெனி பாப்பின், 1690இல், உருளைக்குள் தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியாக்கிப் பிறகு குளிரவிட்டால் வெற்றிடம் தானே உண்டாகும் என்று எழுதி, சிறிய மாதிரி ஒன்றையும் செய்தார். இன்று நம் அடுப்படிகளில் இருக்கும் பிரஷர் குக்கரின் மூதாதையை 1679இல் பாதுகாப்பு வால்வுடன் செய்துகாட்டியவரும் இவரே. ஆக, டோரிசெல்லி முதல் பாப்பின் வரை அரை நூற்றாண்டு நீண்ட இந்தச் சங்கிலி முழுவதும் ஐயத்துக்கிடமின்றி அறிவியல். இதில் ஒரு கண்ணியைக்கூடக் கொல்லுப்பட்டறையில் தற்செயலாகக் கண்டெடுத்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. கடிதம் எழுதிய வாசகருடன் நான் மாறுபடுவது இந்த இடத்தில்.

அடுத்த கட்டத்தில் கட்டுரையாளருடன் மாறுபட வேண்டியிருக்கிறது. தாமஸ் சேவரி 1698இல் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டு இலண்டன் அறிவியலாளர் சங்கமான ராயல் சொசைட்டியில் காட்டிய கருவி பிஸ்டன் இல்லாதது. தண்ணீரை மேலே தள்ள அது உயர் அழுத்த நீராவியை நம்பியிருந்ததால், அக்காலத்துப் பற்றவைப்புகள் தாங்கவில்லை, ஆழச் சுரங்கத்துக்கு அது உதவவும் இல்லை. வேலை செய்த முதல் இயந்திரம் தாமஸ் நியூகோமனுடையது. அவர் டெவன் மாவட்டத்தில் டார்ட்மத் என்ற துறைமுக ஊரில் இரும்புச் சாமான் வணிகம் செய்தவர், பாப்டிஸ்ட் சபையில் போதனை செய்தவர், பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். கார்ன்வால், டெவன் பகுதிகளின் வெள்ளீயச் சுரங்கங்களுக்குக் கருவிகள் விற்கப் போய்வந்தவர் என்பதால் சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீர் எவ்வளவு பெரிய தொல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜான் கேலி என்ற கூட்டாளியுடன் பல ஆண்டுகள் முயன்று, 1712இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் டட்லி கோட்டைக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் நிறுவிய இயந்திரம் நிமிடத்துக்கு 12 முறை அடித்து, ஒவ்வோர் அடிக்கும் 10 காலன் தண்ணீரை 153 அடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தது. கணக்குப் போட்டால் ஐந்தரைக் குதிரைத்திறன் வரும்.

பாப்பின் எழுதியதை நியூகோமன் படித்திருந்தாரா என்பதற்கு உறுதியான ஆவணம் இல்லை. ஆனால் காற்றின் அழுத்தம் பற்றிய செய்தி அதற்குள் இங்கிலாந்தில் காப்பிக் கடைகளிலும் பொது விரிவுரைகளிலும் பேசப்படும் பொது அறிவாகிவிட்டது. அதை அறிய இலத்தீன் நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டவற்றை எந்த அறிவியலாளரும் சொல்லித்தரக்கூடிய நிலையில் இல்லை. கொதிகலனை உருளையிலிருந்து பிரித்து வைத்தது, பெரிய மரத் துலாவின் ஒரு முனையில் பிஸ்டனையும் மறுமுனையில் பம்புக் கம்பியையும் தொங்கவிட்டது, ஒழுங்காகக் கடையப்படாத உருளைச் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே காற்றுப் புகாமல் தோலை வைத்து அதன்மேல் தண்ணீரைத் தேக்கியது, வால்வுகளை இயந்திரமே திறந்து மூடும்படி அமைத்தது ஆகிய அனைத்தும் பட்டறை மூளையின் வேலை. எல்லாவற்றிலும் முக்கியமானது, உருளைக்குள்ளேயே குளிர்நீரைப் பீய்ச்சி நீராவியை நொடியில் சுருக்கியது. இது தற்செயலாக நேர்ந்தது என்று சுவீடன் நாட்டுப் பொறியாளர் மார்ட்டின் டிரீவால்ட் 1734இல் எழுதியிருக்கிறார். வார்ப்பில் இருந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்திருந்தார்களாம். சூட்டில் அது இளகி, உருளையைச் சூழ்ந்திருந்த குளிர்நீர் உள்ளே பாய, பிஸ்டன் எதிர்பாராத வேகத்தில் இறங்கிச் சங்கிலியை அறுத்துவிட்டதாம். நடந்தது என்னவென்று அந்த நொடியில் புரிந்துகொள்ள, வெற்றிடம் என்றால் என்ன என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த இயந்திரம் எரித்த நிலக்கரியின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. எரிபொருளைக் காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலோர் இதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலில்தான் இது கட்டுபடியாயிற்று, ஏனென்றால் சந்தைக்கு அனுப்ப முடியாத தூள் கரி அங்கே குவிந்து கிடந்தது. காடுகள் குறைந்து விறகு விலை ஏறியதாலும், இலண்டன் வீடுகள் கரி அடுப்புக்கு மாறியதாலும், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பிருந்தே இங்கிலாந்து ஐரோப்பாவின் மற்ற எந்த நாட்டையும்விட அதிகமாக நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்தது. மேலே கிடைத்த கரி தீர்ந்து ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் ஊறியது. தண்ணீரை இறைக்க மேலும் கரி எரிந்தது. அறிவு நாடுவிட்டு நாடு போவதில் தடை இருக்கவில்லை. 1720களின் தொடக்கத்திலேயே இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகிலும், இன்றைய ஸ்லோவாக்கியாவில் நோவா பானியா சுரங்கத்திலும் நியூகோமன் இயந்திரங்கள் ஓடின. பாரிஸ் அறிவியல் கழகம் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எந்த விதத்திலும் குறைந்ததன்று. அப்படியிருந்தும், இந்த இயந்திரத்துக்கும் பொருந்திய சேவரியின் காப்புரிமை 1733இல் காலாவதியாகும் வரை கட்டப்பட்ட ஏறத்தாழ நூறு இயந்திரங்களில் மிகப் பெரும்பாலானவை பிரிட்டனில் இருந்தன. அறிவியல் ஐரோப்பா முழுமைக்கும் பொதுவாக இருந்தது. வீணடித்து எரிக்கும் அளவுக்கு மலிவான கரி ஒரு நாட்டில்தான் இருந்தது. கட்டுரையில் நிலக்கரி என்ற சொல் இரண்டே இடங்களில் வருவதை ஒரு பெருங்குறையாகவே கருதுகிறேன்.

ஜேம்ஸ் வாட் பற்றிய பத்திக்கு வருகிறேன். கெண்டியின் மூடி துள்ளுவதைப் பார்த்து அவர் இயந்திரத்தைக் கண்டுபிடித்த கதையை இன்னமும் நாம் விட்டபாடில்லை. அவர் பிறந்தது 1736இல். நியூகோமன் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவராக இருந்த வாட்டிடம் 1763-64 குளிர்காலத்தில் ஒரு நியூகோமன் மாதிரி இயந்திரம் வந்தது. அது சில அடிகள் அடித்துவிட்டு நின்றுவிடும். பெரிய இயந்திரத்தில் தெரியாத ஒரு குறை சிறிய மாதிரியில் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் உருளை முழுவதும் சூடாகிக் குளிர வேண்டியிருந்ததால், நீராவியில் பெரும்பகுதி உருளைச் சுவரைச் சூடாக்குவதிலேயே வீணாயிற்று. அவர் எவ்வளவு வீணாகிறது என்று அளந்தார். தண்ணீர் நீராவியாகும்போது எத்தனை மடங்கு விரிகிறது என்று அளந்தார். ஒரு பங்கு நீராவி தன்னைப் போல ஆறு மடங்கு எடையுள்ள தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடுவதைக் கண்டு வியந்து, அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம் போய்ச் சொன்னார். பிளாக் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உள்ளுறை வெப்பத்தை, அதாவது தண்ணீர் மேலும் சூடேறாமல் நீராவியாக மாறும்போது உள்வாங்கும் வெப்பத்தை, கண்டறிந்து மாணவர்களுக்குக் கற்பித்துவந்தார். இன்றைய அளவுகளில் ஒரு கிராம் நீராவி சுருங்கும்போது வெளிவிடுவது சுமார் 540 கலோரி. பத்து டிகிரியில் உள்ள ஆறு கிராம் தண்ணீரை நூறு டிகிரிக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதும் 540 கலோரிதான். அந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டு இவ்வளவு நெருங்கி வந்த அளவீட்டை என் மாணவர்களிடம் வியந்து சொல்லாத ஆண்டில்லை.

உருளையைச் சூடாகவே வைத்து, நீராவியை வேறொரு கலத்தில் குளிரவைப்பதே வாட் கண்ட தனிக் குளிர்கலன். பிளாக்கின் கோட்பாட்டிலிருந்துதான் அது பிறந்தது என்று பிளாக்கின் நண்பர் ஜான் ராபிசன் பின்னாளில் எழுதினார். வாட் அதை ஏற்கவில்லை. பிளாக்கிடம் பழகியதால் தனக்குச் சரியாகச் சிந்திக்கவும் சோதிக்கவும் வந்தது என்று நன்றியோடு ஒப்புக்கொண்டவர், அந்தக் கோட்பாடே தன்னைத் தன் கண்டுபிடிப்புக்கு இட்டுச்சென்றது என்பதை மறுத்தார். அவருடைய சொல்லையே நான் ஏற்கிறேன். 1765இல் உதித்த எண்ணம் 1769இல் காப்புரிமையாகி, விற்கக்கூடிய இயந்திரமாக 1776இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் அவருக்கு இல்லாமல்போனது கோட்பாடு அன்று, வட்டம் பிசகாத உருளை. பீரங்கிக் குழாய் குடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774இல் அமைத்த கடைசல் முறையை உருளைக்குப் பயன்படுத்திய பிறகே காரியம் கைகூடிற்று. ஐம்பது அங்குல விட்டமுள்ள உருளையில் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்குக்கூடப் பிசகு இல்லை என்று வாட்டின் பங்காளி மேத்யூ போல்டன் மகிழ்ந்து எழுதினார். இருவரும் நடத்திய நிறுவனம் வசூலித்த கட்டணமும் கவனிக்கத் தக்கது. நியூகோமன் இயந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள். கரிக்காகத் தென் வேல்ஸிலிருந்து வரும் கப்பலை எதிர்பார்த்திருந்த கார்ன்வால் சுரங்கங்கள் அதை வாங்கின. கரி மலிந்த சுரங்கங்கள் பழைய நியூகோமன் இயந்திரத்தையே பல காலம் ஓட்டிக்கொண்டிருந்தன.

அறிவியலின் பங்கு என்று நான் மிக உயர்வாக மதிப்பது ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் காட்டிய வழியை. பாய்ந்தோடும் நீரால் சுழலும் சக்கரம் நீரின் ஆற்றலில் அதிகபட்சம் 27இல் 4 பங்கைத்தான் வேலையாக்கும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் அந்துவான் பராந் 1704இல் கணக்கிட்டிருந்தார். கற்றவர்கள் அரை நூற்றாண்டு அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஸ்மீட்டன் ஒரு மாதிரிச் சக்கரத்தைச் செய்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்து வரிசையாகச் சோதித்தார். கணக்கு தவறு என்பதோடு, மேலிருந்து நீர் விழும் சக்கரம் கீழே பாயும் நீரில் சுழலும் சக்கரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை தரும் என்பதும் தெரிந்தது. இதற்காக ராயல் சொசைட்டி 1759இல் அவருக்குக் காப்ளி பதக்கம் தந்தது. தொழிற்புரட்சியின் முதல் ஐம்பது ஆண்டுகளில் ஆலைகளைச் சுழற்றியது பெரும்பாலும் தண்ணீர்தான், நீராவி அன்று என்பதால், இந்தச் சோதனையின் பயன் உடனடியாக ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர் நியூகாசில் பகுதியில் 15 இயந்திரங்களை அளந்து பார்த்து, அதே சோதனை முறையால் நியூகோமன் இயந்திரத்தின் சராசரி வேலைத்திறனை ஒன்றரை மடங்குக்கும் மேலாக உயர்த்தினார். அடிப்படை வடிவத்தில் அவர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. கோட்பாடு பிழையாகவோ இல்லாமலோ இருக்கும் இடத்திலும் அறிவியல் முறை பயன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பருத்தியில் கடிதம் எழுதிய வாசகர் சொல்வதே சரி. நூற்பு இயந்திரங்களைச் செய்தவர்களில் ஹார்கிரீவ்ஸ் நெசவாளர், ஆர்க்ரைட் முடிதிருத்துபவராகவும் டோப்பா செய்பவராகவும் இருந்தவர், விசைத்தறிக்கு முயன்ற கார்ட்ரைட் பாதிரியார்; இவர்களுடைய இயந்திரங்களில் அன்றைய இயற்பியல் தேவைப்பட்ட இடம் எதுவும் இல்லை. ஆனால் அவர்களை விரட்டிய போட்டி எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன துணிகளுக்கு அஞ்சி, இங்கிலாந்து நாடாளுமன்றம் 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் இயற்றியது. நூறு பவுண்டு பருத்தியை நூலாக்க இந்தியக் கைராட்டைக்கு ஐம்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆனது என்றும், 1780 அளவில் கிராம்ப்டனின் மியூல் என்ற நூற்பு இயந்திரத்துக்கு இரண்டாயிரம் மணி நேரம் ஆனது என்றும் பொருளியல் வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இரும்பிலும் ஏறக்குறைய அதே கதை. ஆபிரகாம் டார்பி 1709இல் கோல்புரூக்டேலில் கோக்கை (நிலக்கரியைச் சுட்டுப் பெறும் எரிபொருளை) கொண்டு இரும்பை உருக்கியபோது, இரும்புக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடு அவற்றில் கலந்துள்ள கார்பனால் வருவது என்பது வேதியியலுக்குத் தெரியாது. அது பாரிஸில் தெளிவாகச் சொல்லப்பட்டது 1786இல்.

துணி வெளுப்பதில் நிலைமை மாறுகிறது. மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்துப் புளித்த பாலில் நனைத்து வெளுத்த துணியை, 1756இல் ஃபிரான்சிஸ் ஹோம் நீர்த்த கந்தக அமிலத்தால் விரைவாக வெளுக்கலாம் என்றார். சுவீடன் வேதியியலாளர் ஷீலே 1774இல் கண்ட குளோரின் வாயுவின் வெளுக்கும் தன்மையை பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தலே 1785இல் எடுத்துக்காட்ட, பாரிஸில் அதை நேரில் பார்த்த வாட் தம் மாமனாரின் வெளுப்புச் சாலைக்குக் கொண்டுபோனார். 1799இல் டென்னன்ட் அதைப் பொடியாக்கி விற்றார். சோதனைக்கூடத்திலிருந்து ஆலைக்கு நேர்வழியாக வந்த அறிவு என்று இதையே முதலில் சுட்ட வேண்டும். எதிர்த்திசையிலும் ஓட்டம் இருந்தது. சோழமண்டலக் கரையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி கேர்தூ, கடுக்காயும் எருமைப்பாலும் படிகாரமும் சாயவேரும் கொண்டு நம் சாயக்காரர்கள் துணிக்கு நிறமேற்றும் முறையை அவர்களிடமே கேட்டறிந்து 1742இல் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார்; அது அச்சாகிப் பரவியது. இங்கே செய்யத் தெரிந்தவர்களுக்கு எழுத வாய்ப்பில்லை; அங்கே எழுதியதைப் படிக்கப் பட்டறைக்காரர்கள் காத்திருந்தார்கள். நம் நாட்டில் அறிவியல் இல்லை, அதனால் தொழில் வளரவில்லை என்று ஒரே வரியில் முடித்த கட்டுரையாளர், இந்த வேறுபாட்டையும் கரியின் விலையையும் எடைபோட்டிருக்கலாம்.

அறிவியல் முன்னால் போக இயந்திரம் பின்னால் வந்தது என்ற வரிசையும் முழு உண்மை அன்று. வெப்பம் எவ்வளவு வேலையாக மாறும் என்பதற்கு எல்லை வகுத்த பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோவின் சிறு நூல் வெளிவந்தது 1824இல், டட்லி இயந்திரத்துக்கு 112 ஆண்டுகள் கழித்து. அதையும் 1834இல் கிளாபெரோன் எடுத்துச்சொல்லும் வரை பெரும்பாலோர் கவனிக்கவில்லை. அதே காலத்தில் கார்ன்வாலில், வாட்டின் காப்புரிமை 1800இல் முடிந்ததும் பொறியாளர்கள் உயர் அழுத்த நீராவிக்கு மாறி, ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் 1811 முதல் ஒவ்வோர் இயந்திரமும் ஒரு புஷல் (பழைய முகத்தல் அளவு) கரிக்கு எவ்வளவு தண்ணீர் தூக்கியது என்று மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட, ஒருவர் செய்த திருத்தத்தை அடுத்தவர் பார்த்துச் செய்து, முப்பது ஆண்டுகளில் சராசரித் திறனை ஏறத்தாழ மூன்று மடங்காக்கினார்கள். வெப்ப இயக்கவியல் என்று நான் வகுப்பில் நடத்திய பாடத்தில், வெப்பம் வேலையாக மாறுவதற்கு எல்லை உண்டு என்னும் இரண்டாம் விதி, ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை விளக்கப் புறப்பட்டவர்கள் கண்டது.

இறுதியாக ஒரு திருத்தம். கட்டுரையுடன் கட்டத்தில் தரப்பட்டிருந்த காலவரிசையில் "1769: நீராவி இயந்திரம் கண்டுபிடிப்பு" என்று அச்சாகியுள்ளது. அது தனிக் குளிர்கலனுக்கு வாட் காப்புரிமை பெற்ற ஆண்டு. 1712 என்ற ஆண்டும் நியூகோமன் பெயரும் அந்தக் கட்டத்தில் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் தங்கள் இணைப்பைக் கத்தரித்து வைத்துப் படிக்கிறார்கள் என்பதை அறிவேன்; ஆகவே அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்.